மாமன் இறங்கப் பார்க்கிறார், மருமகன் ஏறப் பார்க்கிறான்

கேள்வி: குளுவாங்குக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். அம்மா இறந்தபின் தம்பியை வளர்த்தவள் நான்தான். இன்று அவன் விமானப்படையில் மேஜர், ஹெலிகாப்டர் விமானி, வயது 38. போன ஆண்டு முதல் கோலாலம்பூரில் அலுவலக வேலை. விடுமுறையில் வந்தால் வாசலில் உட்கார்ந்து பேசாமல் இருக்கிறான். வேலையை விட்டுவிட்டுத் தனியார் விமான நிறுவனத்துக்குப் போகப் போவதாகச் சொல்கிறான். என் மகனுக்கு 17 வயது, இந்த ஆண்டு எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வு. மாமனைப் பார்த்து வளர்ந்தவன். விமானப்படையில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். 'பத்து வருடம் இலவசமாகக் கற்றுக்கொண்டு, அப்புறம் ஏர்லைன்ஸில் கை நிறையச் சம்பளம்' என்று கூட்டாளிகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் கணவர், பென்ஷன் வேலையை எவனாவது உதறுவானா என்று தம்பியைத் திட்டுகிறார். அதே வேலைக்குப் போக ஆசைப்படும் மகனையும் திட்டுகிறார். இருவருக்கும் நான் என்ன சொல்வது?
- வாசகி, குளுவாங்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் இருவரையும் திட்டுகிறார் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளியான என் அப்பாவும் அதே ரகம். 1976இல் நான் விமானப்படையில் சேர்ந்தபோது ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. 22 ஆண்டு கழித்து வெளியே வந்தபோது இரண்டு மாதம் பேசவில்லை. போதாக்குறைக்கு உங்கள் ஊரின் பெயரே பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது. பறக்கிற பிராணியின் பெயரைச் சூடிய ஊரில், தரைப்படையின் ஹெலிகாப்டர்கள் நாள்தோறும் தலைக்கு மேல் போகும் இடத்தில் ஒரு பையனை வளர்த்துவிட்டு, அவன் தரையில் நிற்கவில்லையே என்று வருத்தப்பட்டால் எப்படி?

விமானப்படை விமானிகளிடம் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் நாட்டுக்குச் சேவை, சிறுவயதுக் கனவு என்பார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இஸ்திரி போட்ட பதில். என் கதை வேறு. எங்கள் தோட்டத்தில் துரை பங்களா மேட்டில் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பார்த்தால் எப்போதும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதை ஒருநாள் மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று பத்து வயதில் நினைத்தேன். பயிற்சி முடிந்த பிறகு ஒரு பிற்பகல் அந்த வழியாகப் பறக்கும் வாய்ப்பு வந்தது. பங்களா தீப்பெட்டி அளவில் தெரிந்தது. பக்கத்தில் எங்கள் லயம் தீக்குச்சி அளவில் தெரிந்தது. மூன்று நிமிடத்தில் எல்லாம் பின்னால் போய்விட்டது, பத்து வயதில் வந்த ஆசையும் அதோடு தீர்ந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவருக்கு வேகப் பைத்தியம். இன்னொருவர் ஐந்து தங்கைகளுக்கு அண்ணன். அவருக்கு வேண்டியது முதல் தேதிச் சம்பளம். எந்தக் காரணமும் தாழ்ந்ததில்லை. ஆனால் சேர வைத்த காரணம் எங்கள் யாருக்குமே ஐந்து ஆண்டுக்கு மேல் தாங்கவில்லை.

பிறகு ஏன் இருந்தோம்? நான் ஓட்டியது நூரி ஹெலிகாப்டர். 1960களின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கு வந்து, 2020இல் ஓய்வுபெற்ற கிழட்டு யானை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களோடு 1989 டிசம்பர் 2இல் தாய்லாந்தின் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும்வரை, தாய்லாந்து எல்லையை ஒட்டிய பேராக் காடுகளில் நம் படையினர் வாரக் கணக்கில் தங்குவார்கள். அரிசி, மருந்து, தோட்டா, கடிதம் எல்லாம் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இறங்கும் இடம் என்பது அவர்கள் மரத்தை வெட்டி உண்டாக்கிய ஓட்டை. சுற்றிலும் பத்து மாடி உயர மரங்கள். அந்தக் கிணற்றுக்குள் செங்குத்தாக இறங்கும்போது வால் விசிறி எந்தக் கிளைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது விமானிக்குத் தெரியாது. பின் கதவருகே குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டியிருக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்குத்தான், அதாவது பின்பகுதியையும் சரக்கையும் கவனிக்கும் எங்கள் குழு ஆளுக்குத்தான் தெரியும். 'வால் இடப்பக்கம் இரண்டடி. நில். இறங்கு. இன்னும் இறங்கு.' அந்தக் குரலை நம்பி, கண் பார்க்காத பக்கத்துக்கு ஏழெட்டு டன் இரும்பை நகர்த்துவோம். அவர் எங்களை நம்பினார், நாங்கள் அவரை நம்பினோம், கீழே தாடி வளர்த்து நின்றவர்கள் மூவரையும் நம்பினார்கள். கடித மூட்டையைப் பார்த்ததும் அந்த முகங்கள் மாறிய விதத்தை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும், வரையத் தெரிந்தால்.

நான் 22 ஆண்டு இருந்தது அதற்காக. உங்கள் தம்பிக்கும் அப்படி ஒன்று இருக்கும். அவர் வயதை வைத்துப் பார்த்தால், 2014 டிசம்பரில் கிளந்தானில் கோலகிராய் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியபோது அவர் இளம் ஹெலிகாப்டர் விமானி. அப்போது அங்கே போயிருந்தாரா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். வாசலில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் அன்றைக்குச் சாப்பாட்டை ஆறவிட்டுப் பேசக்கூடும்.

வெளியே தள்ளுவது பெரும்பாலும் ஆபத்தோ சம்பளமோ அல்ல. மேசைதான். படையில் பதவி உயர உயர விமானி பறக்கும் உயரம் குறையும். நன்றாகப் பறந்ததற்குப் பரிசாக ஒரு நாற்காலியும், மூன்று படிவங்களும், கூட்டத்துக்குப் போக ஒரு காரும் தருவார்கள். எல்லா நாட்டு விமானப்படைகளிலும் இதே கதைதான். அமெரிக்க விமானப்படை, விமானிகளைத் தக்கவைக்க ஆண்டுக்கு 50,000 டாலர்வரை ஊக்கத்தொகை தரும் நிலைக்கு வந்துவிட்டது. அப்படியும் போகிறவர்கள் போகிறார்கள். 'போன ஆண்டு முதல் அலுவலக வேலை' என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் உங்கள் கடிதத்தின் நடுமுள். உங்கள் தம்பி படையை வெறுக்கவில்லை, பறக்க முடியாததை வெறுக்கிறார் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. மேசைக் கோபத்தில் விலகல் கடிதம் எழுதியவர்களை எனக்குத் தெரியும். பாதிப் பேர் வெளியே கிடைத்த முதல் வேலையில் விழுந்துவிட்டு, ஓராண்டில் அதையும் விட்டார்கள். மீண்டும் பறக்கும் பிரிவுக்கு மாற்றம் கேட்க வழி உண்டா, பறக்கும் பயிற்சி ஆசிரியர் பணி கிடைக்குமா என்பதை அவர் முதலில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். இல்லை என்று பதில் வந்தால் நிம்மதியாக வெளியே வரலாம்.

வெளியே என்றால் எங்கே? தனியார் விமான நிறுவனம் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை உடைத்துவிடுகிறேன். ஹெலிகாப்டர் உரிமம் வேறு, விமான உரிமம் வேறு. பத்தாயிரம் மணி நேரம் ஹெலிகாப்டர் ஓட்டியவரும் நாளைக்கே போயிங்கில் ஏறி உட்கார முடியாது. அனைத்துலக விதிப்படி, உயர்நிலைப் போக்குவரத்து உரிமத்துக்கு ஹெலிகாப்டரில் 1,000 மணி நேரமும், விமானத்தில் 1,500 மணி நேரமும் வேண்டும். ஒன்றின் அனுபவத்துக்கு மற்றொன்றில் ஓரளவுதான் சலுகை. அதனால் உங்கள் தம்பி பயணி விமானத்துக்குப் போக வேண்டுமானால், 38 வயதில், தன் கைக்காசைப் போட்டு, இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, சிறு விமானத்தில் தொடங்க வேண்டும். செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு கம்பெனியில் துணை விமானியாக, பணிமூப்புப் பட்டியலின் கடைசி வரியில் அவர் பெயர் ஏறும். பக்கத்து இருக்கையில் கேப்டனாக இருப்பவருக்கு 30 வயது இருக்கலாம். 'மேஜர்' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவருடைய கையிருப்புக்கு விலை தரும் இடங்கள் வேறு. திரெங்கானு கெர்த்தேயிலிருந்தும், சரவாக் மிரியிலிருந்தும் கடலிலுள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. தீயணைப்பு மீட்புப் படைக்கும், கடல்சார் அமலாக்கத்துக்கும் சொந்த ஹெலிகாப்டர் பிரிவுகள் இருக்கின்றன. நான் போனது எண்ணெய் மேடைக்கு. 24 ஆண்டு ஓட்டினேன், 65 வயதுவரை; இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் வணிகப் பறப்பில் அனைத்துலக வயது வரம்பு அதுதான். அப்படிப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு இன்னும் 27 ஆண்டு பறக்கும் ஆயுள் இருக்கிறது. ஓய்வுக்காலம் என்று அதைச் சொல்ல முடியாது. படையில் இருந்ததைவிட நீண்ட இரண்டாவது வாழ்க்கை.

அந்த வேலையின் ருசியையும் சொல்ல வேண்டும். சம்பளம் நன்றாக இருந்தது. நேரம் தவறாது. மனைவிக்கு முதன்முறையாக ஓர் ஊரில் ஐந்து ஆண்டு சேர்ந்தாற்போல் இருக்க முடிந்தது. முருங்கை நட்டாள், அது காய்த்தபோதும் அதே வீட்டில் இருந்தாள். ஆனால் முதல் ஆண்டு எனக்குச் செத்துப்போனது போலிருந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரும் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். மேடையில் இறங்கினால் யாரும் கையசைக்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் பஸ். கடித மூட்டைக்குக் காத்திருந்த முகங்களைத் தேடிப் பழகிய எனக்கு அது பெரிய அடி. இரண்டாம் ஆண்டு நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியது. மழைத் திரைக்குள், கரையே தெரியாத தூரத்தில், ஆடும் கப்பலின் மேல்தளத்தில் இறங்க வேண்டியிருந்தது. துணை விமானி எண்களை வாசித்துக்கொண்டே வந்தார். அந்தக் குரலில் என் பழைய குவார்ட்டர்மாஸ்டரைக் கேட்டேன். அன்றைக்குத்தான் புது வேலையில் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் சொல்கிறேன், வெளியே எந்த வேலை என்பதைச் சம்பளப் பட்டியலை வைத்து முடிவு செய்தால் தவறிவிடும். தம்பியை இத்தனை ஆண்டு படையில் இருக்க வைத்தது எது என்று தெரிய வேண்டும். ஆளைக் காப்பாற்றுவதுதான் என்றால் எண்ணெய் மேடையில் அவர் வாடிப்போவார். மீட்புப் பணியில் சம்பளம் குறைந்தாலும் சிரிப்பார். ஒழுங்கும் நுணுக்கமும்தான் என்றால் மேடைப் பறப்பே போதும், விமான நிறுவனமும் ஒத்துவரும். இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என்றால் பயிற்சிப் பள்ளி.

எதுவானாலும், விலகல் கடிதத்துக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை. இந்த ஒன்றை மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்கும் முதல்வகுப்பு மருத்துவச் சான்று கையில் இல்லாமல் உரிமம் வெறும் காகிதம். ஹெலிகாப்டர் அதிர்வு முதுகெலும்பைத் தின்னும், இரைச்சல் காதைத் தின்னும். என் மனைவி மெதுவாகச் சொல்லும் எதுவும் எனக்குக் கேட்பதில்லை. சில நேரம் அது வசதியாகவும் இருக்கிறது, ஆனால் மருத்துவர் முன்னால் அல்ல. அடுத்து, படையில் பறந்த மணிக்கணக்கை அதிகாரி கையெழுத்தோடு சான்றாக வாங்கிக்கொள்ளட்டும். வெளியே வந்தபின் அந்தக் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு. சிவில் தேர்வுக்கான பாடங்களை மேசை வேலையில் இருக்கும் இந்தக் காலத்திலேயே படித்து எழுதத் தொடங்கலாம். மாலையில் வீட்டுக்கு வரும் வேலை கிடைத்திருக்கிறது, அதையாவது பயன்படுத்திக்கொள்ளட்டும். பென்ஷன் தகுதிக்கு எத்தனை மாதம் பாக்கி, ஒப்பந்தக் காலம் முடிந்ததா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். சில மாதப் பொறுமையில் ஆயுள்காலப் பணம் நிற்கும் என்றால், உங்கள் கணவர் திட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

படையில் கற்றதில் ஒன்றை வெளியே மறக்கவும் வேண்டும்: உத்தரவு போடும் குரல். 1977இல் ஸ்பெயினின் தெனரிஃபே தீவு ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு, மூத்தவர் சொன்னால் இளையவர் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் ஆளைக் கொல்லும் என்று விமான உலகம் உணர்ந்தது. அதிலிருந்து வந்த, எல்லாரும் பேசிக் குழுவாக ஓட்டும் பயிற்சிக்கு நல்ல சாட்சி ஆல் ஹெய்ன்ஸ். அமெரிக்க மரீன் படை விமானியாக இருந்து விமான நிறுவனத்துக்கு வந்தவர். 1989 ஜூலை 19 அன்று அவருடைய டிசி-10 விமானத்தில் வால்பகுதி எஞ்சின் சிதறி, ஹைட்ராலிக் இணைப்பு மொத்தமும் போய்விட்டது. திருப்ப எதுவும் இல்லை. பயணியாக வந்த, பயிற்சி ஆசிரியரான இன்னொரு விமானியை உள்ளே அழைத்து, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்ப வைத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். நான் காப்பாற்றினேன் என்று அவர் சொல்லவில்லை. விமானி அறையில் இருந்த எல்லாருடைய மூளையையும் பயன்படுத்தியதால் பிழைத்தோம் என்றுதான் கடைசிவரை சொன்னார். மேஜர் என்ற சொல்லைக் கழற்றி வைக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி மருமகன். 'இலவசமாகக் கற்றுக்கொண்டு' என்று கூட்டாளிகள் சொன்னார்களாம். தனியார் பறக்கும் பள்ளியில் 3 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்பதால் அந்தக் கணக்கு கவர்ச்சியாகத் தெரிகிறது. தோட்டத்துச் சம்பளத்தில் அந்தத் தொகையை எண்ணிக்கூடப் பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் படை இலவசமாக எதையும் தருவதில்லை. விலையை ஆண்டுகளில் வாங்கிக்கொள்ளும். அதோடு போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்பதைப் படையின் தேவையும் பயிற்சியில் அவன் காட்டும் திறமையும் தீர்மானிக்கும். ஏர்லைன்ஸ் கணக்குப் போட்டு உள்ளே போகிறவன் ஹெலிகாப்டரில் போய் நிற்கலாம். சாட்சி உங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஏர்லைன்ஸ் வேலையும் கல்லில் பொறித்ததல்ல. 2020இல் கொரோனா வந்தபோது பெரிய பெரிய நிறுவனங்கள் விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. கேப்டனின் நாலு கோடு போட்ட சட்டையோடு சாப்பாட்டுக் கடை நடத்தியவரையும் இந்த நாடு பார்த்தது.

ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை. இப்போதே கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், நிறக்குருடு சோதனையும் சேர்த்து. எஸ்பிஎம்மில் கணிதம், இயற்பியல், ஆங்கிலத்தோடு மலாய்மொழியிலும் நல்ல தேர்ச்சி வேண்டும். நம் பிள்ளைகள் பலர் கணக்கில் பாய்ந்துவிட்டு மலாயில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அதிகாரியாகிறவனுக்கு அது சரிவராது. படைகளில் நம்மவர் எண்ணிக்கை குறைவு என்பதைப் பேசிக்கொண்டே இருக்கிறோம். விண்ணப்பமே போடாமல் குறையைப் பேசும் வீடுகளும் இருக்கின்றன. அவன் போடட்டும்.

எடுபடாமலும் போகலாம். அப்துல் கலாம் இந்திய விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனபோது 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அந்த ஏமாற்றத்தை அவரே எழுதியிருக்கிறார். பிறகு 2006 ஜூன் 8 அன்று, 74 வயதில், குடியரசுத் தலைவராகப் புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். நம் விமானப்படையின் கோங் கெடாக் தளத்தில் நிற்பதும் அந்தக் குடும்பத்து விமானம்தான். ராக்கெட், ஏவுகணை, ராஷ்டிரபதி மாளிகை என்று எல்லாம் பார்த்த பிறகும் அந்த இருக்கை அவருக்கு வேண்டியிருந்தது பாருங்கள். அதனால் மகனிடம் வேறொரு கதவும் திறந்திருக்கட்டும்: விமானப் பொறியியல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று விமானத்தின் பக்கத்திலேயே இருக்கும் தொழில்கள் பல உண்டு.

ஒரு வேலை சொல்கிறேன், செலவில்லாதது. உங்கள் தம்பியிடம் லாக்புக் என்ற பறப்புப் பதிவேடு இருக்கும். தேதி, ஹெலிகாப்டர் எண், எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிடம், எதற்காக என்று ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள். குளுவாங் ரயில் நிலையத்துக் காப்பிக்கடையில் மாமனையும் மருமகனையும் ஒரு காலை உட்கார வையுங்கள். பையன் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக வாசிக்கட்டும், மாமன் ரொட்டியைத் தின்றுகொண்டு கேட்கட்டும். ஏதோ ஒரு வரியில் அவர் 'நில்லு, அதை மறுபடி வாசி' என்பார். அந்த வரி எது என்று மகனைக் குறித்துவைக்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள். உங்கள் கணவரையும் கூட அனுப்புங்கள். காப்பிச் செலவு அவருடையதாக இருக்கட்டும்.